கால் வேகும் கார்

இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் 5 லட்சத்துக்கும் மேல் விற்றது. அதில் பாதிக்கு மேல் வட அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. இன்றும் அதைப் பிள்ளைபோல் பேணுகிறவர்கள் உண்டு. கோடையில் அவர்கள் சொல்லும் குறை, ஓட்டும்போது கால் வேகிறது என்பதுதான். வண்டியின் அமைப்பே அப்படி. 1798 சிசி இன்ஜின் முழங்காலுக்கு நேர் முன்னால் இருக்கிறது. கியர் பெட்டி இரு இருக்கைகளுக்கும் நடுவே நுழைகிறது, புகைக்குழாய் தரைத்தகட்டுக்கு அடியில் ஓடுகிறது. இன்ஜினிலிருந்து புகையை வெளியேற்றும் சூடான மேனிஃபோல்டு இருப்பது இடப்பக்கம் என்பதால், இடப்பக்க ஸ்டியரிங் கொண்ட அமெரிக்க வண்டியில் ஓட்டுபவரின் கால்தான் அதற்குப் பக்கத்தில் வரும். இதற்குப் பலரும் முதலில் செய்வது, வெள்ளித்தாள் ஒட்டிய தடுப்பு விரிப்பை வாங்கிக் கார்ப்பெட்டுக்கு அடியில் பரப்புவது. அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. முதல் வேலை ஓட்டை அடைப்பது.

இன்ஜினுக்கும் இருக்கைக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவரில் ஸ்டியரிங் தண்டு, மின்கம்பிகள், ஹீட்டர் குழாய்கள் என்று ஒவ்வொன்றும் நுழைய ஒரு துளை உண்டு. ஒவ்வொரு துளைக்கும் ரப்பர் வளையம் போட்டுத்தான் வண்டி ஆலையை விட்டு வந்தது. ஐம்பது ஆண்டில் அந்த ரப்பர் கல்லாகி வெடித்திருக்கும், அல்லது யாரோ ஒரு மெக்கானிக் கழற்றியதைத் திரும்ப மாட்டியிருக்க மாட்டார். கியர் லீவரின் அடியிலுள்ள ரப்பர் உறை கிழிவதும் சகஜம். ராத்திரியில் ஒருவர் பானட்டுக்குள் டார்ச் அடிக்க, இன்னொருவர் இருட்டில் காருக்குள் குனிந்து பார்த்தால், மிதிகளுக்கு மேலே வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரியும். காற்று வரும் வழி அதுதான். ஜன்னலைத் திறந்தால் போதாதா என்று கேட்கலாம். ஓடும் வண்டியில் ஜன்னல் திறந்தால் உள்ளே காற்றழுத்தம் குறையும், குறைந்ததும் அந்த ஓட்டைகள் வழியே இன்ஜின் சூடு இன்னும் வேகமாக உறிஞ்சப்படும். அந்த வழியில் கார்பன் மோனாக்சைடும் வரலாம், அதற்கு வாசனையே கிடையாது. அதனால் இதை வெறும் சொகுசுப் பிரச்சினையாக நினைப்பது தவறு. ஓட்டையை அடைத்தால் இன்ஜின் கொதிக்குமோ என்ற பயமும் வேண்டாம். ரேடியேட்டர் தாண்டி வரும் காற்று வண்டிக்கு அடியில் வெளியேறும்படிதான் அமைப்பு, இந்தச் சிறு துளைகளை நம்பி இன்ஜின் இல்லை.

அடைத்த பிறகும் சூடு இருந்தால் ஹீட்டரைப் பார்க்க வேண்டும். ஹீட்டரை அணைத்த நிலையிலும் அதற்குப் போகும் குழாய் தொட முடியாமல் கொதித்தால், வால்வு முழுதாக மூடவில்லை. நடுக்கோடையில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம் அது. இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருந்தாலும் எரிபொருள் எரிவது தாமதமாகி, புகை கூடுதல் சூட்டோடு வெளியேறும். அதைச் சரிசெய்யத் தனிச் செலவில்லை.

அடுத்தது புகைக்குழாய். அதன் சூடு பெரும்பாலும் கதிர்வீச்சாகவே தரைத்தகட்டைத் தாக்குகிறது. கெல்வின் கணக்கில் வெப்பநிலை இரட்டித்தால் கதிர்வீச்சு 16 மடங்காகும். ஆகவே குழாய்க்கும் தரைக்கும் நடுவே, இரண்டையும் தொடாமல் இடைவெளி விட்டுப் பொருத்திய ஒரு பளபளப்பான அலுமினியத் தகடு, உள்ளே போடும் தடித்த மெத்தையைவிட நன்றாக வேலை செய்யும். குழாயைச் சுற்றித் துணிநாடா கட்டுவோரும் உண்டு. நாடா சூட்டை அடக்கும் என்பது உண்மை, ஈரத்தையும் அடக்கும் என்பதும் உண்மை. சாதாரண இரும்புக் குழாய் அதற்குள்ளேயே துருப்பிடித்துப்போகும். கடைசியாகத்தான் கார்ப்பெட்டுக்கு அடியில் விரிப்பு. அதுவும் தண்ணீர் உறிஞ்சாத நுரை வகையாக இருக்க வேண்டும். சணல் வகை போட்டால், கூரைத்துணி ஒழுகி ஒரு மழை உள்ளே இறங்கியதும் தரைத்தகடு மேலிருந்து அரிக்கத் தொடங்கிவிடும்.