ஊர்க் கழகமும் ஆட்டக்காரர் மாற்றமும்



வன்னிப் பெருநிலத்தில் மாரி மழை தொடங்கிவிட்டால் விளையாட்டு மைதானங்கள் வெறுமையாகிவிடும். கார்த்திகை, மார்கழி மாதங்களில் கோல் கம்பங்களின் அடியில் கணுக்கால் அளவுக்கு நீர் நிற்கும். பந்து உதைத்த வாலிபர்கள் காலபோக வயலில் வரம்பு கட்டிக்கொண்டிருப்பார்கள். இனித் தை பிறந்து, அறுவடை முடிந்து, நிலம் காய்ந்த பின்னரே போட்டிகள் நடைபெறும். எனினும் ஆட்டம் நின்றதே தவிர ஆட்டத்தைப் பற்றிய பேச்சு நிற்பதில்லை. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் உள்ள ஊர்களில், வாசிகசாலைத் திண்ணையிலும் சந்தித் தேநீர்க் கடையிலும், அடுத்த பருவத்துக்கு நம்முடைய அணியில் யார் இருப்பார், யார் போய்விடுவார், யாரைக் கொண்டுவரலாம் என்ற விவாதம் மழையோடு போட்டியிட்டுக்கொண்டு நிகழும்.

அவ்விவாதத்தில் ஓர் இளைஞர், “அண்ணை, எங்களுக்கு முன்னுக்கு நிண்டு கோல் அடிக்கிற ஆள்தான் தேவை” என்பார். மூத்தவர் ஒருவர், “அடிச்ச கோலை எண்ணுறாய், வாங்கின கோலை எண்ணினியோ தம்பி?” என்று திருப்பிக் கேட்பார். இந்த இரண்டு கூற்றுகளுக்குள்ளே உதைபந்தாட்ட அணியை அமைக்கும் கலை முழுவதும் அடங்கியிருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது. ஆட்டக்காரர் ஒரு கழகத்தை விட்டு மற்றொரு கழகத்துக்குச் செல்வது எவ்வாறு, அதற்கு உலகத்தில் ஏற்பட்ட விதிகள் யாவை, அவற்றால் நமது ஊர்க் கழகங்கள் அறிந்துகொள்ளத்தக்கது என்ன என்பவற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

முதலாவதாக, ஓர் அணியின் தேவையைக் கண்டறியும் முறையைப் பார்ப்போம். களத்தில் நிற்பவர் பதினொருவர்: கோல் காப்பாளர் ஒருவர், பின்கள வீரர், மத்தியகள வீரர், முன்கள வீரர் என்ற வரிசையில் ஏனைய பதின்மர். பார்வையாளரின் கண் பந்தைத் தொடர்ந்து செல்வதால் கோல் அடித்தவரே மனத்தில் நிற்கிறார். பந்தை இடைமறித்து அவருக்குக் கொடுத்த மத்தியகள வீரர் மறைந்துபோகிறார். ஆகவே நினைவை நம்பாமல் ஏட்டை நம்புதல் வேண்டும். சென்ற பருவத்தில் நாம் இழந்த கோல்கள் எத்தனை? அவற்றுள் மூலை உதையால் வந்தவை எத்தனை? இடப்பக்கத்தால் வந்தவை எத்தனை? கடைசிப் பதினைந்து நிமிடங்களில் வந்தவை எத்தனை? மூலை உதையால் இழந்தவை மிகுதியாயின், உயரமும் துணிவும் உடைய பின்கள வீரர் ஒருவர் தேவை. கடைசி நேரத்தில் இழந்தவை மிகுதியாயின், தேவைப்படுவது புதிய ஆட்டக்காரர் அன்று, கால்களில் வலு ஏற்றும் பயிற்சியும் மாற்று வீரர் இருவருமே. நோயை அறியாமல் மருந்து வாங்குவது போன்றதே, இக்கணக்கை எடுக்காமல் ஆள் தேடுவதும்.

இரண்டாவதாக, யார் போவார் என்பதையும் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். பெருங்கழகங்களில் ஆட்டக்காரர் பணத்துக்காகவும் புகழுக்காகவும் மாறுகின்றனர். நமது ஊர்களில் காரணங்கள் வேறு. உயர்தரப் பரீட்சைக்கு அமரும் மாணவன் ஓராண்டு மைதானத்துக்கு வரமாட்டான். வேலை கிடைத்தவர் கொழும்புக்கோ மத்திய கிழக்குக்கோ சென்றுவிடுவார். வேறு சிலர் கடல் கடந்து உறவினரோடு சேர்ந்துவிடுவர். இன்னுமொரு காரணமும் உண்டு. நம்மவர் வழக்கப்படி மணமகன் பெண் வீட்டோடு சென்று வாழ்வது பெருவழக்கு. ஆகவே ஊரின் சிறந்த பின்கள வீரர் மாப்பிள்ளையாகப் போன ஊருக்கே அடுத்த ஆண்டு ஆடத் தொடங்கிவிடலாம். ஐரோப்பியக் கழகங்கள் கோடிக்கணக்கில் செலவிட்டு நடத்தும் மாற்றத்தை இங்கே ஒரு தாலி நடத்திவிடுகிறது. நகைப்புக்கு இடமானதாயினும் அணியை அமைப்பவர் கணக்கில் எடுக்க வேண்டிய உண்மை இது.

இனி, உலகில் இவ்விதிகள் வளர்ந்த வரலாற்றைக் கவனிப்போம். 1905ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சன்டர்லண்ட் கழகத்திலிருந்து மிடில்ஸ்பரோ கழகம் அல்ஃப் கொமன் என்ற முன்கள வீரரை ஆயிரம் பவுணுக்குப் பெற்றது. ஆயிரம் பவுண் எட்டிய முதல் மாற்றம் அதுவே. மனிதனைச் சந்தையில் விற்பதா என்று அக்காலத்தில் கண்டனம் எழுந்தது. உண்மையில் கொடுமை தொகையில் இருக்கவில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும் ஆட்டக்காரரைக் கழகம் பிடித்து வைத்திருக்கலாம் என்ற விதியிலேயே இருந்தது. நியூகாசில் கழகத்தின் ஜோர்ஜ் ஈஸ்ட்ஹாம் தம்மை விடுவிக்கும்படி கேட்டார், கழகம் மறுத்தது. அவர் ஆட்டத்தை விட்டுச் சில மாதங்கள் வேறு தொழில் பார்த்தார். 1960ஆம் ஆண்டின் இறுதியில் ஆர்சனல் கழகத்துக்குச் சென்றபோதிலும் வழக்கை அவர் கைவிடவில்லை. 1963ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம், அவ்வாறு பிடித்து வைத்தல் தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை என்று தீர்ப்பளித்தது.

பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோன் மார்க் பொஸ்மன் என்பவரின் வழக்கு அதனினும் பெரிது. ஒப்பந்தம் முடிந்த பின்னும் தம் கழகம் தொகை கேட்டதால் பிரான்சியக் கழகமொன்றுக்குச் செல்ல முடியாது தடைப்பட்ட அவருக்கு, 1995ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஐரோப்பிய நீதிமன்றம் சார்பாகத் தீர்த்தது. ஒப்பந்தம் முடிந்தவர் விலையின்றிச் செல்லலாம் என்ற வழக்கம் அன்று முதல் நிலைபெற்றது. ஒப்பந்தம் முடியாதவருக்கோ விலை வானளாவ உயர்ந்தது. 2017ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டு நெய்மாரைப் பார்சிலோனாவிலிருந்து பெறுவதற்குப் பாரிஸ் கழகம் 222 மில்லியன் யூரோ செலுத்தியது.

அமெரிக்கரின் வழி வேறு. முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி ஆடும் ஆட்டத்தையே அவர்கள் ஃபுட்போல் என்பர். அங்கே பெரும்பாலும் பணத்துக்கு ஆள் வாங்குவதில்லை. ஆளுக்கு ஆள் மாற்றுவர். கல்லூரிகளிலிருந்து வரும் புதிய வீரரைத் தெரிவு செய்யும் உரிமையையும் பண்டமாற்றுப் போலக் கொடுத்து வாங்குவர். 1936ஆம் ஆண்டில் தொடங்கிய இத்தெரிவு முறையில், சென்ற பருவத்தில் கடைசியாக நின்ற அணிக்கே பொதுவாக முதலுரிமை. வலியவர் மேலும் வலியவராகாமல் காப்பதே இதன் நோக்கம். ஒரே அணி எல்லாக் கிண்ணங்களையும் வென்றுகொண்டிருந்தால் ஏனைய ஊரார் மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிடுவர் என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

இவ்விரண்டு வழிகளுக்கும் அடியில் இருப்பது ஒரே வினா: ஆயத்தமான வீரரை வெளியிலிருந்து கொண்டுவருவதா, அன்றி நாமே வளர்த்தெடுப்பதா? நம் நாட்டின் தேசிய அணியைப் பற்றியும் இதே விவாதம் நடைபெறுகிறது. சுவீடனில் வளர்ந்த ஆதவன் ராஜமோகன், ஜெர்மனியில் வளர்ந்த கிளவுடியோ கமர்க்னெக்ட் முதலிய புலம்பெயர் குடும்பத்து வீரர்கள் இலங்கைக்காக ஆடியுள்ளனர். 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றில் கம்போடியாவைத் தண்ட உதைகளால் வென்று இலங்கை அடுத்த கட்டத்தை எட்டியபோது, இவ்வழியே சிறந்தது என்றனர் ஒரு சாரார். உள்ளூர் வாலிபனுக்கு இடம் எங்கே என்று கேட்டனர் மற்றொரு சாரார். இரு தரப்பினரும் கூறுவதில் உண்மை உண்டு. வெளியிலிருந்து வருபவர் அணியின் தரத்தை உடனே உயர்த்துகிறார். ஆயின் அவருக்குப் பின் அந்த இடத்தில் நிற்கப் பழகியவர் இல்லையென்றால், அவர் போகும் நாளில் பள்ளம் முன்னிலும் ஆழமாகும். கோல் அடிக்கும் ஆளை அயலூரிலிருந்து அழைத்து வந்து கிண்ணம் வென்று, மறு ஆண்டு அவர் வராமையால் முதற் சுற்றிலேயே தோற்ற கதை நம்மில் பலருக்குப் புதிதன்று.

ஆட்டக்காரர் போக விரும்பும்போது எழும் பூசல்தான் நம் ஊர்களைப் பெரிதும் வருத்துவது. விடுகைக் கடிதம் கொடோம் என்று கழகம் பிடிவாதம் செய்யும். வாலிபனோ பழைய கழகத்துக்கும் ஆடாமல் புதிய கழகத்துக்கும் ஆட முடியாமல் ஒரு பருவத்தை இழப்பான். இருபது வயதினனுக்கு ஒரு பருவம் சிறிய இழப்பன்று. ஈஸ்ட்ஹாம் வழக்கில் நீதிமன்றம் கண்டித்த அதே தவற்றை நாம் அன்பின் பெயரால் செய்கிறோம். மறுபுறத்தில், பன்னிரண்டு வயதில் வெறுங்காலோடு வந்த சிறுவனுக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுத்து, மாலைதோறும் பயிற்றி, ஆளாக்கிய கழகம் அவன் போகும்போது ஒன்றுமின்றி நிற்பதும் நீதியன்று. வீரரின் சுதந்திரம், வளர்த்தவரின் உரிமை ஆகிய இரண்டையும் ஒருங்கே காக்கும் வழி உண்டா?

உண்டு. சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனமாகிய பீபா 2001ஆம் ஆண்டில் அதற்கென ஒரு விதியை வகுத்தது. தொழில்முறை வீரர் ஒருவர், ஒப்பந்தம் முடியுமுன் ஒரு நாட்டுக் கழகத்திலிருந்து மற்றொரு நாட்டுக் கழகத்துக்குத் தொகை பெற்று மாறும்போது, அத்தொகையில் நூற்றுக்கு ஐந்து வீதம் அவரை 12 வயது முதல் 23 வயது வரை பயிற்றிய கழகங்களுக்குப் பகிரப்பட வேண்டும். 12 முதல் 15 வயது வரையான ஒவ்வொரு பருவத்துக்கும் மொத்தத் தொகையில் கால் வீதம். 16 முதல் 23 வரையான ஒவ்வொரு பருவத்துக்கும் அரை வீதம். ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒரு வீரர் ஒரு கோடி டொலருக்கு மாறுகிறார் என்று கொள்வோம். ஐந்து வீதம் 5 இலட்சம் டொலர். பன்னிரண்டாம் வயதுப் பருவத்திலிருந்து பதினேழாம் வயதுப் பருவம் வரை அவர் நம் ஊர்க் கழகத்தில் ஆடியிருந்தால், முதல் நான்கு பருவங்களுக்கு 1 இலட்சமும், பின் இரண்டு பருவங்களுக்கு 1 இலட்சமும், ஆக 2 இலட்சம் டொலர் நம் கழகத்துக்கு உரியது.

இத்தகைய அதிர்ஷ்டம் எல்லா ஊருக்கும் வாய்க்கும் என்று யாரும் கனவு காண வேண்டியதில்லை. இங்கே கவனிக்கத்தக்கது தொகை அன்று, நிபந்தனை. சம்மேளனத்தின் கீழ் முறையாக இணைந்த கழகமாக நாம் இருக்க வேண்டும்; அச்சிறுவன் எந்நாள் முதல் எந்நாள் வரை நம்மிடம் பதிவு பெற்றிருந்தான் என்பதற்குச் சான்று இருக்க வேண்டும். 2022ஆம் ஆண்டு நவம்பரில் செயற்படத் தொடங்கிய பீபாவின் தீர்வகம், வீரரின் பதிவு வரலாற்றைத் தொகுத்தே இப்பணத்தைப் பகிர்கிறது. பதிவில் இல்லாத கழகம் அவ்வீரரை வளர்த்ததாகக் கொள்ளப்படமாட்டாது.

வன்னிக்கு இச்செய்தி தனிப்பொருள் உடையது. 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போரின்போது மக்கள் ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோது, வீடு வாசலோடு கழகங்களின் ஏடுகளும் கிண்ணங்களும் நிழற்படங்களும் அழிந்தன. எந்த ஆண்டில் யார் ஆடினர் என்பதைச் சொல்ல முதியோரின் நினைவைத் தவிர வேறொன்றும் எஞ்சாத ஊர்கள் உண்டு. மீள்குடியேறியவர்கள் கூரை வேயும் நாள்களிலேயே பற்றையை வெட்டி மைதானத்தையும் திருத்தினர். 2018ஆம் ஆண்டில் வடக்கு கிழக்கு பிரீமியர் லீக் போட்டி நடைபெற்றபோது கிளியூர் கிங்ஸ், முல்லை பீனிக்ஸ், வவுனியா வோரியர்ஸ் என இம்மூன்று மாவட்டங்களின் பெயரிலும் அணிகள் களமிறங்கின. மைதானத்தை மீட்ட மக்களுக்கு ஏட்டை மீட்பது அரிதன்று.

ஆகவே இம்மழைக்காலத்தில் கழகங்கள் செய்யத்தக்க செயல்கள் மூன்று. ஒன்று, பன்னிரண்டு வயது முதற்கொண்டு ஒவ்வொரு சிறுவனின் பெயரையும் பிறந்த திகதியையும் சேர்ந்த நாளையும் ஒரு பதிவேட்டில் எழுதி, லீக்கிலும் பதிவு செய்து, பிரதியொன்றை வேறிடத்தில் காத்தல். இரண்டு, முதல் அணியின் ஒவ்வொரு இடத்துக்கும் பின்னால் பயிலும் இளைஞன் யார் என்று குறித்தல். பெயரில்லாத இடம் எதுவோ அதுவே அணியின் உண்மையான தேவை. வெளியிலிருந்து ஆள் அழைப்பதாயின் அவ்விடத்துக்கே அழைக்கலாம். வருபவர் ஆடுவதோடு இளைஞன் ஒருவனைப் பயிற்றவும் வேண்டும். மூன்று, போக விரும்புபவருக்கு விடுகைக் கடிதத்தைக் காலந்தாழ்த்தாது கொடுத்தல். மனக்கசப்பின்றிச் சென்றவன் வேலை முடிந்தோ விடுமுறையிலோ ஊர் திரும்பும்போது மைதானத்துக்கு வருவான். கசப்போடு சென்றவன் அவ்வழியே நடக்கவும் மாட்டான்.

நேயர்களே, அடுத்த பருவத்தில் யார் கோல் அடிப்பார் என்ற விவாதம் இனிமையானது, அது தொடரட்டும். அதனோடு, இன்று மழையில் நனைந்துகொண்டு ஒழுங்கையில் பந்து உதைக்கும் அந்தச் சிறுவனின் பெயர் நம் ஏட்டில் இருக்கிறதா என்று ஒருவர் கேட்பாராயின், அத்திண்ணைப் பேச்சு ஊருக்குப் பயனுடைய பேச்சாகும்.