பெண்ணுக்கு மீசை முளைப்பது ஏன்?

பெண்ணுக்கு மீசை முளைக்குமா?

முளைக்கும். மேல் உதட்டில் மெல்லிய பூனைமுடி எல்லாப் பெண்களுக்கும் உண்டு. அதைப்பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் சிலருக்கு உதட்டிலும், மோவாயிலும், மார்பிலும், ஆண்களைப்போல முரட்டு முடி கறுகறுவென்று வளருகிறது.

மகளுக்கு இப்படி வந்தால், ராயபுரம் ஆனாலும் எண்ணூர் ஆனாலும், தாய்மார்கள் பலர் முதலில் தேடுவது மஞ்சளைத்தான். அதன்பிறகு நூல் போட்டு முடி எடுப்பார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் பட்டுவிடக்கூடாதே என்ற பயம்! டாக்டரிடம் போகமட்டும் தோன்றுவது இல்லை.

காரணம் என்ன?

பெண் உடம்பிலும் ஆண் ஹார்மோன் கொஞ்சம் சுரக்கிறது. சினைப்பையும், சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல இருக்கும் அட்ரீனல் சுரப்பியும் அதைச் சுரக்கின்றன. அளவு மீறினால், பூனைமுடி முரட்டு முடியாக மாறிவிடும்.

பெரும்பாலும் இதற்குக் காரணம் "சினைப்பை நீர்க்கட்டி" என்னும் கோளாறு. 1935-ம் ஆண்டில் சிகாகோ நகர டாக்டர்கள் ஸ்டீன், லெவன்தால் இருவரும் இதைப்பற்றி எழுதினார்கள். பெயர்தான் கட்டி. உண்மையில் அவை முதிராமல் நின்றுவிட்ட சினைமுட்டைப் பைகள். புற்றுநோய் அல்ல.

இந்தக் கோளாறு இருந்தால் மாதவிலக்கு 2 மாதம், 3 மாதம் என்று தள்ளிப்போகும். முகப்பரு வரும். பலருக்கு உடம்பு பருக்கும். இன்சுலின் சரியாக வேலை செய்யாது. அதை ஈடுகட்ட உடம்பு இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கும். அது சினைப்பையைத் தூண்டி, ஆண் ஹார்மோனை மேலும் பெருக்கும். கவனிக்காமல் விட்டால் குழந்தைப்பேறு தாமதமாகலாம். பிற்காலத்தில் சர்க்கரை நோயும் வரலாம். மஞ்சள் இதையெல்லாம் தடுக்குமா?

இங்கிலாந்தில் வாழும் சீக்கியப் பெண் ஹர்நாம் கவுருக்கும் இதே கோளாறுதான். அவர் தாடியை மறைக்கவில்லை. வளர்த்தார்! கின்னஸ் புத்தகத்திலும் இடம் பிடித்தார்.

சில மாதங்களுக்குள் மளமளவென்று முடி வளர்ந்து, குரலும் கட்டையானால் விஷயம் வேறு. சினைப்பையிலோ அட்ரீனலிலோ கட்டி இருக்கலாம். அபூர்வம்தான். ஆனாலும் உடனே டாக்டரைப் பார்க்கவேண்டும்.

சவரம் செய்தால் முடி தடிக்கும் என்பது பொய். நுனி வெட்டுப்படுவதால் சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

வடசென்னைப் பெண்கள் வெகுதூரம் அலையவேண்டியது இல்லை. ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு ஆஸ்பத்திரி இருக்கிறது. பக்கத்திலேயே ஸ்டான்லி ஆஸ்பத்திரி. இரத்தமும் ஸ்கேனும் பார்த்துக் காரணத்தைச் சொல்லிவிடுவார்கள். உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகும். மாத்திரை கொடுத்தால் பலன் தெரிய 6 மாதம் ஆகும். அதுவரை நூல் போட்டு எடுப்பதில் தவறு இல்லை.

அடுத்த வீட்டுப் பெண் சாப்பிடும் மாத்திரையைக் கேட்டு வாங்கிச் சாப்பிடக்கூடாது. அவற்றில் சில, வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கும்.