மாதச் சம்பளமும் ஐந்து ரொட்டியும்

‘கால் காசு உத்தியோகமானாலும் கவர்ன்மெண்ட் உத்தியோகம்’ என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் நாம். தறிக்குழியில் கால் வைத்தவரும் ஏரின் பின் நடந்தவரும், தம் மக்களேனும் மாதம் முடிந்தால் சம்பளம் எண்ணி வாங்க வேண்டும் என்று விரும்பியது இயல்பே. அவ்வாறு படித்து, தக்க உத்தியோகமும் பெற்ற பிள்ளைகளுள் சிலர் இன்று, “வேலையை விட்டுவிட்டுத் தாம்பரம் பக்கத்தில் சிறிய ரொட்டிக் கடை ஒன்று வைக்கப் போகிறேன்” என்கின்றனர். பெற்றோர் திகைக்கின்றனர். அவர்களைத் தடுப்பதோ தூண்டி விடுவதோ நமது நோக்கம் அன்று. இத்தொழிலின் இயல்பையும் கணக்கையும் எடுத்துரைத்து, முடிவை வீட்டாரிடமே விட விரும்புகிறோம்.

இது எத்தகைய ரொட்டி?

ரொட்டி என்றதும் மெழுகுத் தாளில் சுற்றி வந்த தொழிற்சாலை ரொட்டியே நம் நினைவுக்கு வரும். ஆஸ்திரேலிய நாட்டின் உதவியோடு 1965-ஆம் ஆண்டில் மத்திய அரசு மாடர்ன் பேக்கரீஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. சென்னையிலும் அதற்குத் தொழிற்சாலை இருந்தது. மலிவான ரொட்டியைப் பொதுமக்களிடம் பரப்பிய அந்நிறுவனத்தின் பெரும் பங்கை 2000-ஆம் ஆண்டில் அரசு தனியாருக்கு விற்றுவிட்டது.

இப்பிள்ளைகள் செய்ய விரும்புவது வேறு வகை. மாவு, நீர், உப்பு, புளிப்பு ஆகிய நான்குமே அதன் சரக்கு. புளித்த மாவில் ஒரு பங்கை எடுத்து வைத்து மறுநாள் மாவில் சேர்ப்பார்கள். இது பாலுக்கு உறை ஊற்றுவது போன்றதே. பிசைந்த மாவைப் பல மணி நேரம் புளிக்க விட்டு, கையால் உருட்டி, 220 முதல் 240 டிகிரி வெப்பமுள்ள அடுப்பில் சுடுவார்கள். மேலே கெட்டியான ஓடும் உள்ளே ஈரமும் இலேசான புளிப்புமாக அது அமையும்.

இதை நாடுவோர் பெருகியதற்குக் காரணமும் உண்டு. 2016-ஆம் ஆண்டில் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 38 ரொட்டி, பன் வகைகளைச் சோதித்தது. அவற்றுள் 84 சதவீதத்தில் பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட் எச்சம் இருந்ததாக அது அறிவித்தது. அதே ஆண்டில் புரோமேட் சேர்ப்பதை அரசு தடை செய்தது. அதன் பிறகு, தாம் உண்பதில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்கும் வழக்கம் பலருக்கு ஏற்பட்டது.

இடமும் காலமும்

தாம்பரம் மாதச் சம்பளக்காரர்களின் ஊர். 1931-ஆம் ஆண்டில் கடற்கரையிலிருந்து மின்சார ரயில் வந்தது. 1937-இல் கிறிஸ்தவக் கல்லூரி இங்கே குடியேறியது. 1984-இல் சானடோரியத்தில் ஏற்றுமதி மண்டலம் அமைந்தது. விமானப்படைத் தளமும் உள்ளது. 2021-இல் பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர், பெருங்களத்தூர் முதலிய பகுதிகளும் சேர்ந்து மாநகராட்சி ஆயின. காலையில் ரயிலுக்கு ஓடும் ஜனத்திரளைக் காண்பவர், “இவர்களுள் நூற்றில் ஒருவர் வாங்கினாலும் போதுமே” என்று எண்ணுவது எளிது.

எனினும் நம் வீடுகளில் ரொட்டி நெடுங்காலம் காய்ச்சல்காரருக்குரிய பத்தியமாகவே இருந்து வந்தது. பரங்கிமலை, பல்லாவரம் பகுதிகளின் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களுக்கு அது அன்றாட உணவு. மற்றவர்களுக்கோ இட்லிக்கு அடுத்ததுதான். அதிலும் கெட்டி ஓடுள்ள புளிப்பு ரொட்டியை முதன்முறை உண்பவர், “இது காய்ந்து விட்டதா? கெட்டு விட்டதா?” என்று கேட்கக்கூடும். அவரைப் பழக்குவதும் தொழிலின் ஒரு பகுதியே. அப்பழக்கத்துக்கு மாதங்கள் செல்லும்.

தட்பவெப்பத்தையும் மறக்கலாகாது. மாவு பக்குவமாகப் புளிப்பதற்கு 25 டிகிரி அளவு வெப்பம் நல்லது. சித்திரை, வைகாசியில் அடுப்பெரியும் அறையில் இந்த அளவு கனவிலும் கிடைக்காது. பனிக்கட்டி இட்ட நீரில் பிசைய வேண்டும். புளிப்பைக் குறைக்க வேண்டும். நள்ளிரவுக்குப் பின் எழுந்து வேலையைத் தொடங்க வேண்டும். ஐப்பசி மழையில் ஓடு சில மணி நேரத்தில் நமர்த்துவிடும். பூஞ்சணமும் விரைவில் பிடிக்கும். குளிர்ப்பெட்டியில் வைத்துக் காப்போம் என்றால், பூஞ்சணம் தாமதப்படுமேயன்றி ரொட்டி இன்னும் விரைவாக விறைத்துப் போகும். ஆகவே இன்று சுட்டது இன்றே விற்றாக வேண்டும். நெய்த சேலை இந்தத் திருவிழாவில் விற்காவிடில் அடுத்த திருவிழாவுக்கு ஆகும். ரொட்டிக்கு அடுத்த திருவிழா இல்லை.

கணக்கு

இதன் பொருளைக் கணக்கிட்டுக் காண்போம். கீழ்க்காணும் தொகைகள் விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்டவை. இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறும்.

பத்துக் கிலோ மாவு, ஏழு லிட்டர் நீர், இருநூறு கிராம் உப்பு, இரண்டு கிலோ புளித்த மாவு ஆகியவற்றைப் பிசைந்தால் ஏறத்தாழ 19 கிலோ கிடைக்கும். சுடும்போது எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆவியாகும். ஆதலால் 400 கிராம் ரொட்டிக்கு 460 கிராம் மாவு எடுக்க வேண்டும். நாற்பது ரொட்டி தேறும். மாதத்தில் 26 நாள் வேலை, ரொட்டி ஒன்று 100 ரூபாய் என்று கொண்டால், எல்லாம் விற்ற மாதத்தின் வரவு 1,04,000 ரூபாய்.

செலவைப் பார்ப்போம். மாவும் உறையும் ரொட்டிக்கு 30 ரூபாய் வீதம் 31,200, வாடகை 15,000, மின்சாரம் 8,000, உதவியாள் கூலி 15,000, கடன் தவணை 10,000. ஆக மொத்தம் 79,200 ரூபாய். மிச்சம் 24,800.

நாள்தோறும் ஐந்தே ஐந்து ரொட்டி விற்காமல் தங்கிவிட்டால் என்ன ஆகும்? செலவில் ஒரு காசும் குறையாது. வரவில் 13,000 ரூபாய் குறையும். மிச்சம் 11,800. நாற்பதில் ஐந்து தங்குவது கடைக்காரர் கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றாது. ஆனால் வீட்டுச் செலவுக்குக் கொடுக்கும் பணத்தில் பாதிக்கு மேல் அந்த ஐந்தோடு போய்விடுகிறது. இத்தொழிலின் சூட்சுமம் முழுவதும் இந்த ஐந்து ரொட்டியில் அடங்கியிருக்கிறது. சுடுவதற்கு முன்பே வாங்குவோர் இன்னார் என்று தெரிந்திருப்பவர் நிலைப்பார். கடையைத் திறந்து வைத்து வழியைப் பார்த்திருப்பவர் தடுமாறுவார்.

முன்னே சென்றவர்கள்

உத்தியோகத்தை விட்டு ரொட்டித் தொழிலில் வென்றவர்கள் இல்லாமல் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த எம். மகாதேவன் அப்பணியை விட்டவர். அவர் நேரே ரொட்டி அடுப்பின் முன் போய் நிற்கவில்லை. உணவு விடுதித் தொழிலில் இறங்கிப் பழகிய பிறகே, 1989-ஆம் ஆண்டில் சென்னையில் ‘ஹாட் பிரட்ஸ்’ கடையைத் தொடங்கினார். அது பின்னர் பல ஊர்களிலும் வெளிநாடுகளிலும் கிளை விட்டது.

சிறிய அளவில் செய்தவருக்கு உதாரணமாக இங்கிலாந்தின் ஆண்ட்ரூ விட்லியைக் கூறலாம். பி.பி.சி. ஒலிபரப்பு நிறுவனத்தில் பணியாற்றிய அவர், 1976-இல் அதை விட்டு, கம்பிரியா மாவட்டத்து மெல்மர்பி என்னும் சிற்றூரில் விறகடுப்பு வைத்து ரொட்டி சுடத் தொடங்கினார். இருவரும் நமக்குக் காட்டுவது ஒன்றே: கைத்தொழிலைக் கைதான் கற்க வேண்டும். நெசவில் இழை அறுவதை விரல் அறிவது போல, மாவின் பக்குவத்தையும் விரலே அறிய வேண்டும். ஆகவே விடுமுறை நாட்களிலும் இரவுகளிலும் ஓராண்டேனும் சுட்டுப் பழகி, அறிந்தவர் இருபது வீட்டாருக்கேனும் வாரந்தோறும் விலைக்கே கொடுத்துப் பார்த்து, அவர்கள் மீண்டும் மீண்டும் கேட்டு வாங்குகிறார்களா என்று கண்ட பின்பே இராஜிநாமாக் கடிதம் எழுதுவது அறிவுடைமை.

விடுவதற்கு முன்

கூட்டுறவாளர் என்ற முறையில் நாம் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. உத்தியோகத்தில் உள்ளவர் பெரும்பாலும் பணியாளர் சிக்கன நாணயச் சங்கத்தில் கடன் பெற்றிருப்பார். தவணை சம்பளத்தில் பிடித்தமாகும். சம்பளம் நின்றால் பிடித்தமும் நிற்கும். அப்போது சங்கம் யாரிடம் கேட்கும்? உடன் வேலை செய்து, நம்பிக்கையால் ஜாமீன் கையெழுத்திட்ட நண்பரிடம் கேட்கும். தம் விருப்பத்தின் பளுவைப் பிறர் சம்பளத்தில் ஏற்றுவது முறையன்று. கடனை அடைத்து, ஜாமீன்தாரரை விடுவித்து, பின்னரே வெளியேற வேண்டும். பணிக்கொடைக்குரிய காலம் நிறைந்ததா, அலுவலகத்தோடு போய்விடும் மருத்துவக் காப்பீட்டுக்கு மாற்று உண்டா என்பவற்றையும் பார்க்க வேண்டும். வருங்கால வைப்பு நிதியை அடுப்பு வாங்கச் செலவிடாமல், ஓராண்டுக் குடும்பச் செலவுக்கென ஒதுக்குவது நலம். உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்வதும் முதல் வேலைகளுள் ஒன்று. சிறு உணவுத் தொழிலுக்கான கடன், மானியம் பற்றிச் செங்கற்பட்டு மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் விசாரித்து அறியலாம்.

சங்கம் செய்யக்கூடியது

ரொட்டியும் கூட்டுறவும் அயலார் அல்லர். 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் ராச்டேல் நகரத்து முன்னோடிகள் இருபத்தெண்மர் கடை திறந்தபோது அவர்கள் விற்ற சில பொருள்களுள் கலப்படமற்ற மாவும் ஒன்று. அவர்களுள் நெசவாளரும் இருந்தனர். பெல்ஜியத்தின் நெசவு நகரமாகிய கெண்ட்டில் 1880-இல் தொழிலாளர் தொடங்கிய ‘வூருயிட்’ கூட்டுறவுக்கு அடித்தளமே ரொட்டி அடுப்புதான். வாங்கிய ரொட்டியின் அளவுக்கேற்ப உபரியை அங்கத்தினருக்கே அது திருப்பித் தந்தது. வாங்குவோரே அங்கத்தினர் ஆனதால் எத்தனை ரொட்டி சுட வேண்டும் என்பது அங்கே முன்கூட்டியே தெரிந்தது. நாம் சொன்ன ஐந்து ரொட்டி தங்காமல் காக்கும் வழி அதுவே.

நம்மவர் பிள்ளை தொடங்கும் கடைக்கும் இவ்வழி பொருந்தும். பிசைந்த மாவை உருட்டிப் புளிக்க வைக்கக் கனமான கோராத் துணி வேண்டும். அது நம் தறியில் உண்டு. கோதுமையில் உள்ள பசைத்தன்மை கேழ்வரகிலும் கம்பிலும் இல்லையாயினும், ஐந்தில் ஒரு பங்கு அளவு கலந்தால் நல்ல ரொட்டி அமையும். அத்தானியம் நம் வயலில் உண்டு. சங்கத்து அங்கத்தினர் முப்பது குடும்பங்கள் வாரத்துக்கு இன்ன நாள், இத்தனை ரொட்டி என்று பெயர் எழுதிக்கொடுத்தால், கடன் மனுவோடு வைப்பதற்கு அதைவிடச் சிறந்த பத்திரம் வேறில்லை.

ஆகவே பெற்றோருக்கு நாம் சொல்வது இதுதான். பிள்ளை வேலையை விடப்போவதாகச் சொன்னால் கோபித்துக்கொள்ள வேண்டாம். உடனே ஆசீர்வதிக்கவும் வேண்டாம். “யார் வாங்குவார்கள்? பெயர்ப் பட்டியல் எங்கே? ஜாமீன்தாரர் விடுபட்டாரா?” என்று மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றுக்கும் எழுத்தில் விடை வைத்திருக்கும் பிள்ளைக்கு, அடுப்பு மூட்டும் முதல் நாளில் விறகெடுத்துக் கொடுக்கத் தயங்க வேண்டாம்.