மேகம் மூடிய நாளுக்கு ஒரு மஞ்சள் கண்ணாடி

ஜனவரியில் மகனோடு குல்மார்க் போய்வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் திருவாரூரிலிருந்து எழுதியிருக்கிறார். பனிச்சறுக்குச் சாமான் வாடகைக்கு விடும் கடையில் கறுப்பு, மஞ்சள் என்று இரண்டு காகிள்ஸ் எடுத்துக் காட்டினார்களாம். "மஞ்சள் விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. கறுப்பை எடுத்துக்கொண்டேன். முதல் நாள் நல்ல வெயில், ஒரு குறையும் இல்லை. மறுநாள் மேகம் மூடிக்கொண்டது. காலுக்குக் கீழே மேடா பள்ளமா என்றே தெரியவில்லை, நான்கு தடவை விழுந்தேன். மஞ்சள் போட்டிருந்த பையன் ஒருதடவைகூட விழவில்லை. கோளாறு என் வயதிலா, கண்ணாடியிலா?"

ஐயா, இரண்டிலும்தான். ஆனால் கண்ணாடியின் பங்கு அதிகம்.

காகிள்ஸ் சட்டத்தின் ஓரத்தில் எஸ்1, எஸ்2, எஸ்3 என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். லென்ஸ் எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்பதற்கான கணக்கு அது. எஸ்1 என்றால் 43 முதல் 80 சதவீதம். எஸ்2 என்றால் 18 முதல் 43. எஸ்3 வெறும் 8 முதல் 18 சதவீதம்தான் விடும். நீங்கள் போட்டது அநேகமாக அதுதான். அதற்கும் மேலே எஸ்4 இருக்கிறது, பனிப்பாறை ஏறுகிறவர்களுக்கானது. அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. இரவில் விளக்கு வெளிச்சத்தில் சறுக்குகிறவர்கள் நிறமே இல்லாத எஸ்0 போடுவார்கள். வெயிலுக்கு எஸ்3, மேகத்துக்கு எஸ்1. கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்.

என்னைப் பல நாள் யோசிக்கவைத்தது வேறு விஷயம். மேகம் மூடினால் பனியில் மேடு பள்ளம் ஏன் மறைகிறது? இருட்டிவிடவில்லையே, பகல்தானே?

எங்கள் வீட்டு வாசலில் வெள்ளை டைல்ஸ் ஒட்டிய வருஷம் மார்கழியில் எனக்கு இது புரிந்தது. சாணி தெளித்த தரையில் பளிச்சென்று நின்ற அரிசிமாக் கோலம், டைல்ஸில் இருந்த இடம் தெரியவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு என் மனைவி செம்மண்ணுக்கு மாறிவிட்டாள். பனிச்சரிவும் வெள்ளைமேல் வெள்ளைதான். அதில் ஒரு மேட்டை மேடு என்று காட்டிக்கொடுப்பது அதன் நிழல் மட்டுமே. வெயில் ஒரு பக்கமிருந்து விழும்வரை நிழல் உண்டு. மேகம் மூடினால் வெளிச்சம் எல்லாத் திசையிலிருந்தும் ஒரே சீராக வருகிறது, கீழே கிடக்கும் பனியும் அதைத் திருப்பி மேலே அடிக்கிறது. நிழல் கரைந்துபோகிறது. சறுக்குகிறவர்கள் இதை 'ஃபிளாட் லைட்' என்பார்கள்.

இங்கேதான் மஞ்சள் வருகிறது. கும்பகோணத்தில் என் சித்தப்பா ஸ்டூடியோ வைத்திருந்தார். கறுப்பு வெள்ளைக் காலம். கோபுரத்தை எடுக்கும்போதெல்லாம் காமிராவின் முன்னால் ஒரு மஞ்சள் ஃபில்டரைத் திருகுவார். அது இல்லாமல் எடுத்தால் நீல வானமும் வெண்மேகமும் ஒன்றாகி, வெறும் காகிதம்போல வெளுத்துக் கிடக்கும். மஞ்சள் கண்ணாடி நீலத்தைத் தடுக்கும். வானம் கறுக்கும், மேகம் திரண்டு எழுந்து நிற்கும். பனியில் விழும் நிழலும் நீலம்தான், உற்றுப் பார்த்தால் தெரியும். சூரியன் நேரே படாத அந்தப் பள்ளத்துக்கு வெளிச்சம் கொடுப்பது நீல வானம். நீலத்தை வடிகட்டினால் நிழல் இன்னும் கறுக்கிறது, மேடு எழுந்து நிற்கிறது. மெல்லிய மேகத்தின் கீழே மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச நிழலையும் இப்படித்தான் மஞ்சளும் ரோஜா நிறமும் கெட்டிப்படுத்துகின்றன. சித்தப்பாவின் ஃபில்டரைத்தான் உங்கள் பையன் முகத்தில் மாட்டிக்கொண்டு சறுக்கியிருக்கிறான்.

வயதின் பங்கு என்றேனே, அது இது. அறுபதைத் தாண்டிய கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் தானாகவே மஞ்சளாகத் தொடங்கியிருக்கும். பாவையும் இளவயதில்போல விரியாது. ஏற்கெனவே வெளிச்சம் குறைந்த கண்ணுக்குமேல் நீங்கள் கறுப்பையும் போட்டுவிட்டீர்கள்.

ஆனால் அடியோடு நிழல் செத்துவிட்டால் எந்த லென்ஸும் உதவாது. எத்தனை விலை கொடுத்தாலும் இல்லாத நிழலைக் கண்ணாடி உண்டாக்கித் தராது. அனுபவசாலிகள் அப்போது மரங்கள் இருக்கும் சரிவுக்கு இறங்கிவிடுவார்கள். கறுப்பாக எதுவாவது கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் போதும். உலகக் கோப்பைப் பனிச்சறுக்குப் பந்தயங்களில் ஓடுபாதையில் நீலச் சாயம் தெளித்திருப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்கு இல்லை, அவர்களுடைய செம்மண் கோலம். வெள்ளைமேல் வெள்ளை விமானிகளையும் ஏமாற்றியிருக்கிறது. 1979 நவம்பர் 28 அன்று அண்டார்க்டிகாவைச் சுற்றிப்பார்க்கப் போன நியூசிலாந்து விமானம் எரிபஸ் மலையில் மோதி 257 பேர் இறந்தார்கள். விமானிகளுக்குத் தெரியாமலே கணினியில் பாதை மாற்றப்பட்டிருந்தது ஒரு பக்கம். எதிரே இருந்த வெள்ளை மலை, வெள்ளை மேகத்தோடு கலந்து சமவெளியாகத் தெரிந்தது இன்னொரு பக்கம் என்று விசாரித்த நீதிபதி பீட்டர் மகோன் எழுதினார். மேலே மேகம் மூடியிருந்தாலும் கீழே தூரம்வரை தெளிவாகவே தெரிந்த நாள் அது.

இரண்டு லென்ஸ் வேண்டாமே, வெயிலில் தானாகக் கறுக்கும் ஃபோட்டோகுரோமிக் ஒன்று போதாதா என்று கேட்பீர்கள். நல்ல சாமான்தான். ஒரு குறும்பு மட்டும் அதில் உண்டு. கறுப்பதற்கு வெயில் போதும், மறுபடி வெளுப்பதற்கு வெப்பம் வேண்டும். குளிரில் அது நன்றாகக் கறுத்துவிட்டு, நிழலுக்குள் வந்தபின்னும் வெளுக்கச் சோம்பல்படும். இன்னொன்று, உள்பக்கம் ஆவி படிந்தால் விரலால் துடைக்காதீர்கள். அங்கே ஆவி படியாமலிருக்கப் பூசிய மெல்லிய படலம் விரலோடு வந்துவிடும். இரண்டு அடுக்குக் கண்ணாடிக்கு நடுவே காற்றை அடைத்து ஆவியை அடக்கலாம் என்று கண்டுபிடித்துச் செய்தவர், பாப் ஸ்மித் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர்.

இனிச் சொல்லப்போவதில் கொஞ்சம் கோபம் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கறுப்பாக இருந்தால் கண்ணுக்குக் காவல் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். காவல் நிறத்தில் இல்லை. கண்ணைப் பொசுக்குவது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர். பாலிகார்பனேட் லென்ஸ் நிறமே இல்லாவிட்டாலும் அதைக் கிட்டத்தட்ட முழுவதும் தடுத்துவிடும். நடைபாதையில் விற்கும் ஏதோ ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தடுக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. தடுக்காவிட்டால் கெடுதல் இரட்டிப்பு: இருட்டுக்காகப் பாவை விரியும், விரிந்த வாசலில் கதிர் தாராளமாக நுழையும். கடற்கரை மணல் இந்தக் கதிரில் சுமார் 15 சதவீதத்தைத் திருப்பி அடிக்கிறது, புதுப்பனி 80 சதவீதம்வரை. ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. குல்மார்க்கே 2,600 மீட்டருக்கு மேலே இருக்கிறது. மேகம் இதை முழுவதும் தடுப்பதில்லை.

இப்படி வெந்த கண்ணை நான் பார்த்திருக்கிறேன், பனியில் இல்லை, எங்கள் தெருமுனை வெல்டிங் பட்டறையில். பகல் முழுக்க வெறும் கூலிங் கிளாஸோடு பற்றவைத்துவிட்டு, நடுராத்திரியில் கண்ணில் மணலைக் கொட்டியதுபோல இருக்கிறது என்று உருளைக்கிழங்கு வில்லையை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான் அந்தப் பையன். பனிக்குருடு என்பதும் இதே காயம்தான். பட்டவுடன் வலிக்காது, பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும். பத்தொன்பது வயதுப் பையனுக்கு முகமூடி வாங்கித் தராத முதலாளி, தன் புது பைக்குக்கு உறை போட்டு வைத்திருந்தார். வடதுருவத்து இன்யூட் மக்கள் கண்ணாடியே இல்லாத காலத்தில் மான்கொம்பிலும் வால்ரஸ் தந்தத்திலும் மெல்லிய கீற்று வெட்டி, உள்ளே கரி பூசி, கண்ணில் கட்டிக்கொண்டு வேட்டைக்குப் போனார்கள். ஆவி படியாத காகிள்ஸ் அது ஒன்றுதான்.

ஐயா, அடுத்தமுறை வாடகைக்கு எடுக்காதீர்கள். எஸ்1 ஒன்று, எஸ்3 ஒன்று சொந்தமாக வாங்கிக்கொண்டு போங்கள். குல்மார்க்கில் சுற்றுலாப் பயணிகளை மரச்சறுக்கு வண்டியில் உட்காரவைத்து நாள் முழுக்கப் பனியில் இழுத்துப் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஊர் திரும்பும் அன்று, உங்களை இழுத்தவர் வெறுங்கண்ணோடு நின்றால், அந்தக் கறுப்பை அவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். திருவாரூரில் உங்களுக்கு அது எதற்கு?