மடிக் கணினி வாங்கப் போகிறீர்களா?

2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவசமாய் வழங்கத் தொடங்கிய பிற்பாடு, மடிக் கணினி ஏழை வீட்டுக்கும் புதிதன்று. ஆயினும், மணலியில் மாதச் சம்பளத்தில் குடித்தனம் நடத்துகிறவர் சொந்தமாக ஒன்று வாங்குவதென்றால் பல மாதச் சேமிப்பு கரைந்துவிடும். ஆகவே, பளபளப்பைக் கண்டு மயங்கலாகாது.

ரிச்சி தெருவில் பழைய யந்திரங்கள் மலிவாய்க் கிடைப்பது மெய்தான். ஆனால், விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய யந்திரத்தை, லினக்ஸ் அறியாதவர் வாங்குவது வீண் செலவே.

பாடத்துக்கும் கடிதத்துக்கும் 8 ஜிபி நினைவகம் போதும். 16 இருப்பின் நெடுநாள் கவலையில்லை. சுழலும் தட்டைக் காட்டிலும் எஸ்.எஸ்.டி. மேல், அசையும் உறுப்பு அதில் இல்லாமையால், குழந்தைகள் இடித்தாலும் சேதம் குறைவு.

நம் ஊருக்கென்று ஒரு தொல்லையும் உண்டு. கடற்காற்றின் உப்பும் ஆலைப் புகையின் கந்தகமும் உள்ளிருக்கும் தாமிரக் கம்பிகளை அரிப்பவை. யந்திரத்தை ஜன்னலோரம் வைக்காதீர்கள். மெத்தைமீது வைத்துக் காற்றுத் துவாரங்களை அடைக்காதீர்கள். பழுதுபார்க்கும் நிலையம் அருகில் உண்டா, உத்தரவாதம் எத்தனை வருஷம் என்பதை எழுத்தில் பெற்ற பிறகே பணத்தை எண்ணுங்கள்.