பழைய லேப்டாப்பை டிவிக்கு வீடியோ பெட்டியாக்கலாம்!



நம்மில் பலர் வீட்டில் ஒரு பழைய லேப்டாப் பரண் மேல் தூங்கிக் கொண்டிருக்கும். 2011-ம் ஆண்டு தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் பிள்ளைகள் வாங்கியதாக இருக்கலாம். பேட்டரி போய்விட்டது, மெதுவாக ஓடுகிறது என்று ஓரம் கட்டியிருப்போம். பழைய இரும்புக் கடைக்குப் போடும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். அதை டிவியோடு இணைத்தால் நம் குடும்பப் படம், கல்யாண வீடியோ, குழுப் பயிற்சி வீடியோ எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கலாம். மென்பொருளுக்கு ஒரு பைசா செலவில்லை.

"இலவசம்னா ஏதாவது ஏமாத்து வேலையா இருக்குமோ அக்கா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நம் குழுவின் கணக்கு நோட்டை எந்த உறுப்பினரும் எடுத்துப் பார்க்கலாம், தப்பு இருந்தால் சுட்டிக் காட்டலாம் அல்லவா? அதுபோல, எழுதிய விதத்தை எல்லோரும் பார்க்கவும், திருத்தவும், நகல் எடுத்துப் பிறருக்குக் கொடுக்கவும் அனுமதிக்கும் மென்பொருளைத் திறந்த மூல மென்பொருள் என்கிறோம். 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் அந்த வகை. நம் அரசு லேப்டாப்கள் பலவற்றில் 'பாஸ்' என்ற பெயரில் இருந்ததும் லினக்ஸ்தான்.

எந்த மென்பொருள்?

கம்ப்யூட்டரை இயக்க 'லினக்ஸ் மின்ட்' போடலாம். அதில் 'எக்ஸ்எஃப்சிஇ' என்ற வகை பழைய லேப்டாப்புக்கு ஏற்றது. குறைந்தது 2 ஜிபி ராம் வேண்டும்.

வீடியோ, பாட்டு, போட்டோக்களை வகை பிரித்து டிவியில் பெரிய எழுத்தில் காட்ட 'கோடி' என்ற மென்பொருள் இருக்கிறது. பேர்தான் கோடி, விலை பூஜ்யம்! முதலில் எக்ஸ்பாக்ஸ் என்ற விளையாட்டுப் பெட்டிக்காக எழுதப்பட்டது. 2014-ல்தான் கோடி என்று பெயர் மாறியது. ஏதாவது ஒரு வீடியோ ஓடவில்லை என்றால் பார்க்க 'விஎல்சி'யையும் போட்டுக் கொள்ளுங்கள்.

செய்யும் முறை

கம்ப்யூட்டர் படித்த பிள்ளை ஒருவர் கூட இருந்தால் அரை நாள் வேலை. ஆனால் நாம் பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்க வேண்டும்.

1. முதல் வேலை, லேப்டாப்பில் இருக்கும் போட்டோ, சான்றிதழ், வீடியோ எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் நகல் எடுங்கள். நகல் திறக்கிறதா என்று வேறொரு கம்ப்யூட்டரில் பாருங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது.

2. 8 ஜிபி பென்டிரைவில் லினக்ஸ் மின்டை எழுத வேண்டும். வெறுமனே காப்பி செய்தால் ஓடாது. எழுதுவதற்கென்று தனி மென்பொருள் உண்டு. பென்டிரைவில் இருப்பது அழிந்துவிடும், காலியானதைக் கொடுங்கள்.

3. அந்தப் பென்டிரைவிலிருந்தே லேப்டாப்பைத் தொடங்கி ஓட்டிப் பாருங்கள். இப்போதைக்கு உள்ளே எதுவும் அழியாது. டிவியில் படம் வருகிறதா, சத்தம் கேட்கிறதா என்று சோதியுங்கள்.

4. சரியாக இருந்தால் நிறுவுங்கள். டிஸ்க் முழுவதையும் அழிக்கவா என்று ஒரு இடத்தில் கேட்கும். அங்கே நிறுத்தி, முதல் படி முடிந்ததா என்று கேட்டுவிட்டு அழுத்தச் சொல்லுங்கள். ஒரு அழுத்தில் இறந்துபோன அம்மாவின் போட்டோ போய்விட்டால் எந்தக் கடையிலும் திரும்ப வாங்க முடியாது.

5. இன்டர்நெட் இணைத்து கோடியும் விஎல்சியும் போடுங்கள். அதன்பின் சொந்த வீடியோக்களைப் பார்க்க நெட் தேவையில்லை.

டிவியோடு இணைக்க

இரண்டிலும் எச்டிஎம்ஐ துளை இருந்தால் ஒரே ஒயர் போதும். நீல நிற விஜிஏ ஒயரில் படம் மட்டும்தான் வரும், சத்தத்துக்குத் தனி ஒயர் வேண்டும். மூன்று வண்ணத் துளை மட்டும் உள்ள பழைய குண்டு டிவி என்றால், 'எச்டிஎம்ஐ-யிலிருந்து ஏவி'க்கு மாற்றும் பெட்டி கேட்டு வாங்குங்கள். 'ஏவி-யிலிருந்து எச்டிஎம்ஐ' என்பதும் கடையில் இருக்கும், அது நமக்கு உதவாது.

கரண்ட் பில் ஏறுமோ என்ற பயம் வேண்டாம். 65 வாட் சார்ஜர், தினம் 4 மணி நேரம் என்று கூட்டியே கணக்கிட்டாலும் மாதம் 8 யூனிட்டுக்குள்தான்.

எதற்கெல்லாம் பயன்படும்?

கல்யாண சிடி, டிவிடிகள் கீறல் விழுந்து, பூஞ்சை பிடித்து வீணாகின்றன. அவை ஓடும்போதே லேப்டாப்பில் ஏற்றிவிடுங்கள். ஒரு டிவிடி 4.7 ஜிபி என்றால், 500 ஜிபி டிஸ்க்கில் சுமார் 100 டிவிடி அடங்கும். டிஸ்க்கும் ஒருநாள் பழுதாகும். அதனால் இன்னொரு நகலை வேறு டிஸ்க்கில் எடுத்து அக்கா தங்கை வீட்டில் வையுங்கள்.

குழுவுக்கும் இது நல்ல கருவி. பீகாரில் 'ஜீவிகா' சுய உதவிக் குழுப் பெண்கள், தங்களைப் போன்ற விவசாயிகள் நடித்துக் காட்டிய விவசாய வீடியோக்களைக் கூட்டத்தில் பார்த்துக் கற்றார்கள். 'டிஜிட்டல் கிரீன்' அமைப்பு அதற்கு உதவியது. நம் குழுவில் சோப்பு செய்வதையோ மாட்டுத் தீவனம் கலப்பதையோ செல்போனில் எடுத்து டிவியில் போட்டால், எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினரும் நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கற்கலாம்.

ஏமாறாதீர்கள்!

• கோடியில் சேனலோ சினிமாவோ தானாக வராது. நாம் வைப்பதைத்தான் காட்டும். "வாழ்நாள் முழுக்க எல்லா சேனலும் இலவசம்" என்று கோடி போட்ட பெட்டியை விற்க வந்தால் அது திருட்டு ஒளிபரப்பு. சட்டப்படி குற்றம், நாளைக்கே நின்றும் போகும்.

• லினக்ஸுக்கும் கோடிக்கும் லைசென்ஸ் பணம் என்று கேட்டால் கொடுக்காதீர்கள். போட்டுக் கொடுத்ததற்குக் கூலி கேட்பது நியாயம், அதை முன்பே பேசி முடிவு செய்யுங்கள்.

• இதற்காகக் குழுவில் கடன் எடுத்துப் புது கம்ப்யூட்டர் வாங்க வேண்டாம். இருப்பதை வைத்து முதலில் செய்து பாருங்கள்.

அடுத்த கூட்டத்தில் யார் வீட்டில் பழைய லேப்டாப் இருக்கிறது என்று கேளுங்கள். ஒரு குழுவுக்கு ஒன்று தயாரானாலே போதும், மற்றவர்கள் பார்த்துக் கற்றுக் கொள்வார்கள்.