மூட்டுகளின் நலம் அசைவிலே!

"முழங்கால் வலிக்கிறது; இனி நடக்க இயலாது" என்று உங்கள் இல்லத்துப் பெரியவர் ஒருவர் நாற்காலியோடு ஒடுங்கிவிட்டாரா? ஓய்வு அளிப்பதாக எண்ணி, குடிநீரைக்கூட அவர் அமர்ந்த இடத்திற்கே கொண்டுபோய்க் கொடுக்கின்றீர்களா? அன்பினால் செய்யும் இச்செயல் அவருக்கு நன்மைதானா என்று சற்றே சிந்தியுங்கள்.

எலும்புகள் கூடுமிடமே மூட்டு. மண்டையோட்டு எலும்புகள் பல்லும் பல்லுமாகக் கோத்து அசையாது நின்று மூளையைக் காக்கின்றன. முதுகெலும்புகளுக்கு இடைப்பட்ட மூட்டுகள் சிறிதளவே அசைகின்றன. கை, கால் மூட்டுகளோ தாராளமாக அசைபவை.

இவற்றை அறிந்துகொள்ள, நாம் நாள்தோறும் நிறைவேற்றும் தொழுகையையே பாருங்கள். தக்பீருக்காகக் கைகளை உயர்த்தும்போது தோளின் பந்துக் கிண்ண மூட்டு இயங்குகின்றது. கைகளைக் கட்டும்போது முழங்கையின் கீல் மூட்டு, கதவின் கீலைப் போல மடங்குகின்றது. ருகூவில் இடுப்பும், சுஜூதில் முழங்காலும் வளைகின்றன. ஸலாம் கொடுக்கும்போது, கழுத்தின் முதலிரு எலும்புகளுக்கு இடையேயுள்ள முளை மூட்டு தலையை வலமும் இடமும் திருப்புகின்றது. தஸ்பீஹ் மணியை உருட்டும் கட்டைவிரலின் அடியில் இருப்பது சேண மூட்டு.

அசையும் மூட்டுகளில் எலும்பு முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கின்றது. அதற்கு இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டு உறைக்குள் சுரக்கும் திரவமே அதற்கு உணவு. நாம் நடக்கையில் குருத்தெலும்பு அழுந்தி விரிந்து, பஞ்சு நீரை ஏற்பது போல அத்திரவத்தை ஏற்கின்றது. அசைவு நின்றால் ஊட்டம் குறைகின்றது. முழங்காலைத் தாங்கும் தொடைத் தசையும் மெலிகின்றது. வலி மேலும் கூடுகின்றது.

ஆகவே, தேய்மான வலி உள்ளவர்களும் இயன்ற அளவு நடக்கவே வேண்டும். புதுவைவாசிகளுக்குக் கடற்கரைச் சாலை ஒரு நல்வாய்ப்பு. சமதளமான அச்சாலையில் மாலை வேளையில் வாகனங்களுக்கு அனுமதியில்லை. உடல் எடையையும் குறையுங்கள். ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மீது விழும் பாரம் ஏறத்தாழ 4 கிலோ குறைகின்றது.

மூட்டு வீங்கிச் சிவந்து சூடேறினாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ தாமதியாமல் மருத்துவரை நாடுங்கள். 1823-இல் பிரெஞ்சு ஆட்சியில் தோன்றிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் மருத்துவமனை, கோரிமேட்டில் நம் அருகிலேயே இருக்கின்றது. கடையில் தாமாக வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடும். தரையில் அமர இயலாதவர் வருந்தி அமர வேண்டியதில்லை. இயலாதவருக்கு மார்க்கம் சலுகை அளித்தே இருக்கின்றது. ஆனால், அச்சலுகை நடப்பதை அடியோடு நிறுத்துவதற்கு அன்று.

உடலின் ஒவ்வொரு மூட்டுக்கும் நாள்தோறும் தர்மம் உண்டு என்பது நபிமொழி தரும் போதனை. இன்று மாலை, உங்கள் உம்மாவின் கரம் பற்றி மெல்ல நடத்திச் செல்லுங்கள். அவருடைய மூட்டுகளுக்கு அது மருந்து; உங்கள் மூட்டுகளுக்கு அது தர்மம்.